ஒரு குரோஷின் வலப்பாதி

தெயோஃபில் குரெக்குக்கு நோட்டுப் பைத்தியம் பிடித்தது கல்யாணமான மூன்றாவது வாரத்தில். மனைவி ஒதிலியாவின் பெரியம்மா விட்டுப்போன ஒன்றரை அறை வீடு அது, ராதோம் நகர ரயில் நிலையத்துக்குப் பின்னால், இரண்டாம் மாடியில். சுவரில் ஒட்டியிருந்த பூப்போட்ட காகிதம் ஈரத்தில் நாறிப்போயிருந்தது. புதுசு ஒட்டிவிடலாம் என்று மாப்பிள்ளை வாளியும் கரண்டியுமாக ஏணி ஏறினார். காகிதத்துக்கு அடியில் செய்தித்தாள், அதற்கு அடியில் இன்னொரு செய்தித்தாள், அதற்கும் அடியில் பசையோடு பசையாக ஒரு பாதி நோட்டு.

பாதி என்றால் கிழிந்த பாதி இல்லை. கத்தி வைத்து நறுக்கிய சுத்தமான இடப்பாதி. ஐந்து லட்சம் மார்க் நோட்டு அது. அந்த ஐந்து லட்சத்தின் மேல் இன்னொரு அச்சு ஏறியிருந்தது: ஒரு குரோஷ்.

"ஒதிலியா, இங்க வா! பாதி நோட்டு, ஆனா முழுக் காசு!"

"அத வெச்சு என்ன வாங்கலாம்?"

"ஒண்ணும் வாங்க முடியாது."

"அப்ப கீழ இறங்கி வந்து மிச்சச் சுவரைச் சுரண்டு."

அவர் இறங்கினார். ஆனால் சுவரைச் சுரண்டவில்லை. நோட்டை ஒரு தட்டில் வெந்நீர் ஊற்றி மிதக்கவிட்டு, பசை கரைகிறதா என்று ஒரு மணி நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிற்பாடு அனுபவசாலிகள் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்கள். நோட்டை வெந்நீரில் போடுகிற பாவத்துக்கு மன்னிப்பே கிடையாதாம். அந்த நோட்டு என்னவோ பிழைத்துக்கொண்டது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அதன் கதையைத் தெரிந்துகொள்ள அவருக்கு இரண்டு மாதம் ஆயிற்று. நூற்றிருபத்து மூன்று வருஷம் அடுத்தவர்கள் பங்குபோட்டு ஆண்ட நாடு 1918-ல் தன் காலில் நின்றது. நின்ற வேகத்தில் நோட்டு அடிக்க ஆரம்பித்தது. முதலில் நூறு, ஐநூறு, ஆயிரம் என்று மரியாதையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் பூஜ்யங்கள் வாலாக நீண்டன. கடைக்குப் போகும்போது பை நிறைய நோட்டு, வரும்போது பைக்குள் ஒரே ஒரு ரொட்டி. போதுமடா சாமி என்று 1924-ல் மார்க்கையே ஒழித்துவிட்டு ஸ்வோத்தி என்று புதுப்பணம் கொண்டுவந்தார்கள். ஆனால் சில்லறைக் காசு வார்த்து முடியவில்லை. என்ன செய்வது? கஜானாவில் கிடந்த ஐந்து லட்சம் மார்க் நோட்டுகளை எடுத்து, நடுவில் ஒரே வெட்டு, இரண்டு பாதியிலும் 'ஒரு குரோஷ்' என்று அச்சு. நூறு குரோஷ் சேர்ந்தால்தான் ஒரு ஸ்வோத்தி. நேற்றுவரை லட்சாதிபதியாக இருந்த நோட்டு இன்றைக்கு ரெண்டு அற்பக் காசு!

வெட்டிய இரண்டு பாதிகளும் வெட்டிய அன்றைக்கே பிரிந்தன. இடப்பாதி ஒரு கடைக்காரன் கல்லாவுக்கும் வலப்பாதி வேறோர் ஊர் சர்ச் உண்டியலுக்கும் போயிருக்கும். இரண்டிலும் ஒரே எண், ஒரே வரிசை எழுத்துகள். ஏதோ ஓர் இடப்பாதி, ஏதோ ஒரு வலப்பாதி என்றால் யார் வேண்டுமானாலும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஒரே நோட்டின் இரண்டு பாதிகளும் மறுபடி ஒன்றுசேர்ந்ததைக் கண்ணால் பார்த்தவர் ராதோமில் ஒருவரும் கிடையாது. தெயோஃபிலின் பாதி ஏ.ஓ. வரிசை, 207614. சொந்த வீட்டுத் தொலைபேசி எண்ணை ஒதிலியாவிடம் கேட்டுத்தான் சொல்வார். இந்த எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

பிழைப்புக்கு அவர் பஸ் ஓட்டினார், முப்பத்தொரு வருஷம். ஓய்வு பெறும்போது அவரிடம் சுதந்திரம் வந்த பிறகான முதல் ஏழு வருஷத்து நோட்டுகள் மட்டும் நான்கு ஆல்பம் இருந்தன. அதற்கு முந்தியதைத் தொடமாட்டார், பிந்தியதைத் திரும்பிப் பார்க்கமாட்டார். யாராவது ராஜா காலத்து வெள்ளிக்காசைக் கொண்டுவந்து காட்டினால், "ரொம்ப அழகு, கொண்டுபோய் உள்ள வைங்க," என்பார்.

செவெரின் தூத்கா அவருக்குக் கிடைத்தது, பழைய நோட்டு சேர்ப்பவர்கள் வாராவாரம் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சங்கத்தில். செவெரின் செருப்பு ஆலையில் தோல் வெட்டும் பிரிவுக்கு ஃபோர்மன். வெட்டிய விளிம்பைப் பார்த்தே எந்தக் கத்தி, எந்தக் கை என்று சொல்லிவிடுவார். அவருக்கும் அதே ஏழு வருஷப் பித்து. முதல் நாளே இருவரும் ஒரு ஐநூறு மார்க் நோட்டின் மேல் குனிந்து தலையோடு தலை முட்டிக்கொண்டார்கள். மறுவாரமே கையோடு கை கோத்து வோட்கா குடித்து, 'நீங்க'வை விட்டு 'நீ'க்கு வந்தார்கள். செவெரினின் குட்டி ஃபியட்டில் முழங்கால் மூக்கில் இடிக்க உட்கார்ந்துகொண்டு வூத்ஜ், கியெல்த்சே, லூப்லின் என்று ஊர் ஊராகச் சந்தைக்குப் போனார்கள். இப்படிப் பதினாலு வருஷம்.

அந்தச் சங்கத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒரு பொருள் ஒருவர் கையில் இருக்கும்வரை இன்னொருவர் அதைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது. விலை கேட்கக்கூடாது, எட்டிப் பார்க்கக்கூடாது, அர்த்தத்தோடு இருமக்கூடக் கூடாது. கீழே வைத்துவிட்டால் போயிற்று, யார் கை முதலில் படுகிறதோ பொருள் அவருக்கு. இந்தச் சட்டத்தை மீறினவனைச் சங்கத்தில் யாரும் மனுஷனாகவே மதிக்கமாட்டார்கள்.

ஒரு நவம்பர் ஞாயிற்றுக்கிழமை லூப்லினிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் மேசையில் கடை பரப்பினார். தெயோஃபிலின் இடக்கையில் சுடச்சுட டீ கிளாஸ். வலக்கையால் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே ஒரு குரோஷ், வலப்பாதி. எண் மசமசவென்று தெரிந்தது. மூக்குக் கண்ணாடி கோட்டின் உள்பையில். ஒரு கையைக் காலி செய்ய வேண்டும். டீ கிளாஸைக் கீழே வைத்திருக்கலாம் அல்லவா? மனுஷன் வைக்கவில்லை. உறையைத்தான் வைத்தார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தபோது உறை செவெரின் கையில் இருந்தது. தன் ஆல்பத்தில் ஒரு வலப்பாதி குறைகிறது என்று வியாபாரி கேட்ட விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். தெயோஃபில் அப்போதுதான் எண்ணைப் படித்தார். 207614. முன்னால் ஏ. அடுத்த எழுத்தின் மேல் ஒரு காப்பிக்கறை, அதற்குள் வட்டமாக ஓ.

"டேய் செவெரின்! அது என்னுதுடா! என் நோட்டோட மறுபாதிடா அது! எண்ணைப் பாரு!"

"கீழ வெச்சியா இல்லியா?"

"கண்ணாடி எடுக்க வெச்சேன்டா!"

"எதுக்கு வெச்சேன்னு கேக்கல. வெச்சியா இல்லியா?"

சங்கத் தலைவர் லோங்கின் வந்து தாடியைத் தடவினார். "வெச்சாச்சு. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்று தீர்ப்புச் சொன்னார். தெயோஃபிலுக்கு முகம் பீட்ரூட்டாகிவிட்டது. நீயெல்லாம் ஒரு நண்பனா, செத்த மாட்டுத் தோலுக்கும் உனக்கும் என்னடா வித்தியாசம் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டார். செவெரின் பதிலுக்கு, "இனி இந்தக் கால் உன் வீட்டு வாசப்படியத் தாண்டாது," என்று சத்தியம் செய்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் எதிரெதிரே வந்தபோது தெயோஃபில் தொப்பியைத் தொட்டு, "வணக்கம், பான் தூத்கா. சௌக்கியமா இருக்கீங்களா?" என்றார்.

செவெரினும் தொப்பியைத் தொட்டார். "உங்க புண்ணியத்துல, பான் குரெக்."

பதினாலு வருஷம் 'நீ' என்று கூப்பிட்ட வாய் மரியாதைக்கு 'பான்' போட்டு 'நீங்க' என்றால் இந்த ஊரில் அது முகத்தில் துப்புவதைவிட மோசம். பக்கத்தில் நின்றவர்களே தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அப்புறம் ஒன்பது வருஷம் லோங்கின்தான் தூது. பான் குரெக் உங்கள் வலப்பாதியை விலைக்குக் கேட்கிறார். முடியாது, பான் தூத்கா உங்கள் இடப்பாதியைத்தான் விலைக்குக் கேட்கிறார். அதுவும் முடியாது. ஒரு தடவை லோங்கின் பொறுக்க முடியாமல், "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாவது பாப்போமே, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்," என்று கேட்டுப் பார்த்தார்.

"அவர் கொண்டுவந்து மேசை மேல வைக்கட்டும்," என்றார் தெயோஃபில்.

"மேசை மேல வெச்சா அப்புறம் யாருது? எனக்குச் சட்டம் தெரியும்," என்றார் செவெரின்.

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. இப்படியாக அந்த இரண்டு பாதிகளும் ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட ஒன்றையொன்று பார்க்கவில்லை.

ஆனால் செவெரின் ஞாயிறுதோறும் அந்த உறையைத் தன் மேசையின் ஓரத்தில் நிறுத்தி வைப்பார். தெயோஃபில் பதினோரு மணிக்கு, "என்ன புழுக்கம்!" என்று சொல்லிக்கொண்டு ஜன்னல் பக்கம் காற்று வாங்கப் போவார். ஜனவரியில், வெளியே பனி கொட்டும்போதும் போவார். செவெரினின் மேசை ஜன்னலுக்குப் போகும் வழியில் இருந்தது. போகும்போது ஒரு பார்வை, வரும்போது ஒரு பார்வை.

"உனக்கு வேண்டியது அந்தத் துண்டா, அந்த ஆளா?" என்று ஒதிலியா ஒருநாள் சூப் கிண்டிக்கொண்டே கேட்டாள்.

"என்ன பேசற நீ! அந்த ஆள் மூஞ்சில யார் முழிப்பா?"

"ஞாயித்துக்கிழமை தவறாம நீதான் முழிச்சிட்டு வர."

அவர் கோபித்துக்கொண்டு சூப்பில் உப்பில்லை என்றார். ஆனால் ஒரு விஷயம் அவருக்கே தெரியும். போன வருஷம் ஒரு பழைய பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் 1919-ம் வருஷத்து ஆயிரம் மார்க் நோட்டு ஒன்று, மடிப்புகூட இல்லாமல், அச்சிட்ட அன்றைக்கு இருந்த மாதிரியே அகப்பட்டது. சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. ஒதிலியாவிடம் காட்டினார். "ரொம்ப நல்லா இருக்கு, சாப்பாடு ஆறுது," என்றாள். லோங்கினிடம் காட்டினார். "நல்ல விலை போகும்," என்றார் அவர். அந்த நோட்டைக் கண்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, "அடப் பாவி! அடப் பாவி!" என்று கத்தக்கூடிய ஒரே ஆள் உலகத்தில் செவெரின்தான். அவருக்குக் காட்டாத நோட்டு கிடைத்தும் கிடைக்காத மாதிரியே இருந்தது. அன்றைக்கு அவர் ஆல்பத்தை மூடி வைத்துவிட்டார்.

மார்ச் ஐந்தாம் தேதி தெயோஃபில்களின் பெயர்நாள், காலண்டரில் அந்தப் பெயருடைய புனிதருக்கு ஒதுக்கிய நாள். பிறந்தநாளுக்குக் கூப்பிட்டவர்கள்தான் வருவார்கள். பெயர்நாளுக்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, காலண்டரே கூப்பிட்டுவிடும். அந்த வருஷம் லோங்கினும் சங்கத்துக்காரர்கள் நான்கு பேரும் கீழ்வீட்டு அம்மாளும் வந்திருந்தார்கள். எல்லோரும் ஈரமான பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஒதிலியா கொடுத்த துணிச்செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். எண்ணெயில் ஊறிய ஹெர்ரிங் மீன், மயோனைஸில் புரட்டிய காய்கறி சாலட், கசகசா கேக், செர்ரி ஊறப்போட்ட வோட்கா. எழுந்து நின்று வாழ்த்துப் பாட்டும் பாடி முடித்தாயிற்று. மணி நாலு இருக்கும். அழைப்பு மணி அடித்தது.

தெயோஃபில் கதவைத் திறந்தார். படிக்கட்டில், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒதிலியாவுக்கென்று மூன்று கார்னேஷன் பூக்களோடு செவெரின் நின்றுகொண்டிருந்தார். பூட்ஸெல்லாம் பனிச்சேறு. உள்ளே யாரோ ஒருவரின் கரண்டி தட்டில் விழுந்தது.

"பெயர்நாள் வாழ்த்துகள், பான் குரெக்," என்று ஒரு கவரை நீட்டினார்.

"ரொம்ப நன்றி, பான் தூத்கா," என்று வாங்கப் போன தெயோஃபிலின் கை பாதியில் நின்றது. "வாசப்படிக்கு மேல குடுக்காதீங்க. சண்டை வந்துடும்."

"இதுக்கு மேல புதுசா என்ன சண்டை வரப்போகுது?"

"உள்ள வந்து குடுங்க."

"வரமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். நீங்க வெளிய வாங்க."

"நான் துணிச்செருப்புல இருக்கேன். வெளிய ஈரம்."

ஒதிலியா நாற்காலியை இழுத்துத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்தாள். "கழுதைங்க ரெண்டும் கதவைத் தொறந்து போட்டுட்டு என் வீட்டுச் சூட்டையெல்லாம் படிக்கட்டுக்கு அனுப்புதுங்க!" என்று செவெரினின் கழுத்துத் துண்டைப் பிடித்து ஒரே இழு. அவர் பூவும் கவரும் சேறுமாக நடுக்கூடத்தில் வந்து நின்றார். "நீங்க தாண்டல. நான் இழுத்தேன். உங்க சத்தியம் பத்திரமா இருக்கு. பூட்ஸைக் கழட்டுங்க."

கவருக்குள் அந்தப் பிளாஸ்டிக் உறை. அதற்குள் அந்த வலப்பாதி.

"விலைக்கு இல்ல. பரிசு," என்றார் செவெரின், தரையைப் பார்த்துக்கொண்டு. "எடுத்துக்குங்க."

நாற்காலிகள் நகர்ந்தன. லோங்கின், "ஒண்ணா சேத்து வை! சீக்கிரம்! நாங்க பாக்கணும்!" என்று சின்னப்பிள்ளை மாதிரி மேசையைத் தட்டினார். செவெரின் கையில் ஒரு தட்டைத் திணித்து உட்கார வைத்தார்கள். ஆல்பத்தை எடுத்துவருகிறேன் என்று தெயோஃபில் படுக்கையறைக்கு ஓடினார். உண்மையில், முதல் தடவை சேர்வதைத் தான் மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. கதவைச் சாத்தி, விளக்கைப் போட்டு, பூதக்கண்ணாடியை எடுத்து, இடப்பாதியின் பக்கத்தில் வலப்பாதியை மெதுவாக நகர்த்தினார்.

சேரவில்லை.

இடப்பாதியின் வெட்டு நடுவில் லேசாக வயிறு தள்ளியிருந்தது. அப்படியானால் வலப்பாதியில் அதே இடத்தில் பள்ளம் இருக்க வேண்டும். இருக்கவில்லை. ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருந்தது. பூதக்கண்ணாடியைக் காப்பிக்கறையின் மேல் கொண்டுபோனார். கறையின் வட்டத்துக்குள்ளே எழுத்தின் முதுகு நெட்டுக்குத்தாக நின்றது. ஓ இல்லை, டி. ஏ.டி. வரிசை. எண் ஒன்று, நோட்டு வேறு. இவருடைய நோட்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

தெயோஃபில் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் 'என் மறுபாதி' என்று கூடம் அதிரக் கத்தியது யார்? இவர்தான். வேறு யாரும் சொல்லவில்லை. செவெரின் ஏதோ ஒரு வலப்பாதியை வாங்கினார், அவ்வளவுதான். அதற்கா அந்தப் பேச்சு? செத்த மாட்டுத் தோலா? அவமானத்தில் காது எரிந்தது.

வெளியே, "என்னப்பா, பசை போட்டு ஒட்டுறியா?" என்று லோங்கினின் குரல். எல்லோரும் சிரித்தார்கள். செவெரினும் சிரிப்பது தனியாகக் கேட்டது. ஒன்பது வருஷமாகக் கேட்காத சிரிப்பு.

சொல்லாமல் இருந்துவிடலாம். ஆல்பத்தில் இரண்டையும் ஒரு விரற்கடை தள்ளி மாட்டித் தூரத்திலிருந்து காட்டினால் யாருக்குத் தெரியும்? செவெரினுக்குத் தெரியும். அந்தக் கண் வெட்டைப் பார்க்காமல் விடாது. சொல்லிவிட்டால்? வீம்பை விட்டுப் படியேறி வந்த மனுஷனிடம், நீ கொடுத்தது ஒன்றுக்கும் ஆகாது, நீ பட்ட அவமானமும் என் முட்டாள்தனத்தால் வந்தது என்று சொன்னால், பூட்ஸை மாட்டிக்கொண்டு போயே போய்விடுவார். இந்தத் தடவை இழுத்துவரக் கழுத்துத் துண்டுகூட அகப்படாது.

ஒதிலியா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பாதிகளையும் பார்த்தாள். அவர் காதோடு காதாகச் சொன்னார்.

"அய்யோ," என்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். "நீ உருப்படவே மாட்டே."

"சொன்னா போயிடுவான், ஒதிலியா."

"சொல்லலன்னா ஒவ்வொரு தடவை அவர் வரும்போதும் நீ இந்த ரூம்ல வந்து ஒளிஞ்சுக்கணும். போ, போய்ச் சொல்லு. கேக் தீர்றதுக்குள்ள சொல்லு."

தெயோஃபில் இரண்டு பாதிகளையும் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். மேசையில் ஆரவாரம் எழுந்தது. செவெரின் முள்கரண்டியில் ஹெர்ரிங் துண்டு ஒன்றைக் குத்தி வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"செவெரின்," என்றார் தெயோஃபில். "இது அது இல்லடா. இது டி வரிசை. நான்தான் தப்பாப் படிச்சேன். உன்மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் என் தப்புதான்."

ஆரவாரம் அப்படியே நின்றது. 'டா' என்று சொன்னது அவருக்கே தெரியாது. செவெரினின் முள்கரண்டி மெல்லக் கீழே இறங்கித் தட்டைத் தொட்டது. அவர் காது இரண்டும் சிவந்துகொண்டே போயின. போச்சு, எழுந்து போகப்போகிறான் என்று தெயோஃபில் நினைத்தார்.

"தெரியும்," என்றார் செவெரின்.

"என்ன தெரியும்?"

"டின்னு தெரியும். ஆறு வருஷமாத் தெரியும். ஒரு நாள் ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சேன், கறைக்குள்ள முதுகு நேரா நின்னுச்சு."

லோங்கின் குடித்துக்கொண்டிருந்த செர்ரி வோட்கா மூக்கில் ஏறிவிட்டது. கீழ்வீட்டு அம்மாள் அவர் முதுகில் தட்டினாள்.

"ஆறு வருஷமா!" என்று தெயோஃபில் கத்தினார். "தெரிஞ்சும் ஏன்டா சொல்லல? என் ராத்திரித் தூக்கம் எவ்வளவு போச்சு தெரியுமா? ஜனவரில ஜன்னல்கிட்டப் போய் நின்னு எனக்குச் சளி புடிச்சது தெரியுமா?"

"தெரியும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எண்ணிட்டிருந்தேன். போறப்ப ஒரு தடவை பாப்பே, வர்றப்ப ஒரு தடவை பாப்பே." செவெரின் தட்டிலிருந்த மீனோடு பேசுகிற மாதிரி பேசினார். "இது அது இல்லன்னு நான் சொல்லியிருந்தா, அப்புறம் எதுக்கு என் மேசைப் பக்கம் திரும்பப் போறே? அது அதுவா இருந்தாத்தான் நீ வருவே. அதான் வாயை மூடிட்டு இருந்துட்டேன்."

ஒதிலியா ஏப்ரனால் மூக்கைத் துடைத்தாள்.

"சரி, அத விடு," என்றார் தெயோஃபில். "பொய்ன்னு தெரிஞ்சேதானே இன்னிக்கு எனக்குப் பரிசா கொண்டாந்தே? என் பெயர்நாளுக்குப் பொய்ப் பரிசு!"

"பின்ன வேற எதக் கொண்டாரச் சொல்றே? வெறுங்கையோட வந்திருந்தா கதவைத் தொறந்திருப்பியா?"

தெயோஃபில் வாயைத் திறந்தார். திறந்திருப்பேன் என்று சொல்லத்தான் திறந்தார். சற்று யோசித்துப் பார்த்தார். அவருக்குத் தன் குணம் தெரியும்.

"தொறந்திருக்க மாட்டேன்டா," என்றார். சொல்லி முடிக்குமுன் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. செவெரின் எழுந்துவந்து அவரைக் கட்டிப் பிடித்துக் கன்னத்தில் மாற்றி மாற்றி மூன்று முத்தம் கொடுத்தார். மேசையே எழுந்து கைதட்டியது. லோங்கின் மட்டும், "ஒன்பது வருஷமா ரெண்டு பேருக்கும் நடுவுல நடையா நடந்தேனே, என் முழங்கால் வலிக்கு யார்யா பதில் சொல்றது?" என்று புலம்பினார். அவருடைய கிளாஸில் ஒதிலியா இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

தெயோஃபில் உள்ளே ஓடிப்போய் அந்த மடிப்பில்லாத ஆயிரம் மார்க் நோட்டை எடுத்துவந்து எதுவும் சொல்லாமல் செவெரினின் மூக்குக்கு முன்னால் பிடித்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "அடப் பாவி!" என்று செவெரின் கத்தியது படிக்கட்டு வரைக்கும் கேட்டிருக்கும். "அடப் பாவி! எப்படா இது?" தெயோஃபிலுக்கு அந்த நோட்டு அப்போதுதான் கிடைத்த மாதிரி இருந்தது.

கேக்கெல்லாம் தீர்ந்து, டீ வந்த பிறகு செவெரின் தொண்டையைச் செருமினார்.

"அப்ப உன் ஓவுக்கு ஒரு வலப்பாதி, என் டிக்கு ஒரு இடப்பாதி, ரெண்டும் இன்னும் எங்கயோ கிடக்கு. நாளைலேர்ந்து தேடணும். என் பாதியத் திருப்பிக் குடு."

தெயோஃபில் அந்த டி பாதியை எடுத்து, தன் ஓ பாதி இருக்கும் அதே பக்கத்தில், கீழ்வரிசையில் செருகி, ஆல்பத்தை மூடி அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"மாட்டேன். பரிசுன்னு குடுத்தே, என் கைக்கு வந்தாச்சு. சட்டம் சட்டந்தான். அதோட இடப்பாதி கிடைச்சா நீ இங்க கொண்டு வந்துதான் சேத்துப் பாக்கணும்."

"அது எங்க லேசுல கிடைக்கப் போகுது? ஒவ்வொரு வாரமும் எதையாவது தூக்கிட்டு வந்து சரியா இருக்கான்னு பாத்துட்டு இருக்கணும்."

"பாரேன்."

"அதுக்கு நான் எத்தனை தடவை உன் வீட்டுக்கு வர்றது?"

"கிடைக்கிற வரைக்கும் வாடா," என்றார் தெயோஃபில்.